வெண்டைக்காய்த் தண்ணீரும் இரண்டு சுருட்டைத் தலைகளும்

1

ஆல்பம் வருவதற்குள் சுங்கத்துறை எனக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று கேட்டு ஒரு படிவம். "திருமணப் புகைப்படங்கள், மதிப்பு ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, படிவத்தில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன் என்று.

இந்த ஆவணியில் சிதம்பரத்தில் நடந்த என் தம்பியின் கல்யாண ஆல்பம் அது. கடலூர் ஸ்டுடியோக்காரர் கைவரிசை முழுவதும் உள்ளே இருந்தது. தம்பியும் அவன் மனைவியும் பனிமலை மேல் நிற்கிறார்கள், அருவிக்குள் நனையாமல் சிரிக்கிறார்கள், ஓர் அன்னப் பறவையின் முதுகில் உட்கார்ந்து எங்கேயோ போகிறார்கள். பனியில் எட்டு வருடமாக அல்லாடுகிறவள் நான். அந்த மலையில் பட்டுப்புடவையோடு ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் இனியாவுக்கு ஆறு வயது. பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் பிறந்தவள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். அவள்தான் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மண்டப வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நானும் அப்பாவும் நிற்கிற படம் வந்ததும் கையை வைத்தாள்.

"தாத்தா பக்கத்தில் இருக்கிறது யார்?"

"நான்தான்டி."

"இல்லை. அம்மாவுக்கு இப்படி முடி கிடையாது."

சரியாகத்தான் சொன்னாள். அந்தப் படத்தில் என் தலைமுடி இஸ்திரி போட்ட கறுப்புத் துணி போல இரண்டு பக்கமும் தொங்கியது. அப்பாவின் தலையும் மண்டையோடு ஒட்டி வழவழவென்று இருந்தது. அந்தக் காலையில் எங்கள் இருவர் தலையும் அப்படி இல்லை. யாரோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எலியைப் பிடித்து, எங்கள் சுருளை எல்லாம் வழித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

எட்டு வருடம் கழித்து ஊருக்குப் போனதில் எனக்கென்று நான் எடுத்துவர ஆசைப்பட்டது அந்த ஒரு படம்தான். நானும் அப்பாவும் எங்கள் சொந்த முடியோடு சேர்ந்து நின்றது என் ஆயுளில் அந்த ஒரு முறைதான். அன்று மின்வெட்டால் என் போனில் சார்ஜ் இல்லை, வேறு யாரும் எடுக்கவும் இல்லை. அதை நாசமாக்கிய கை யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதாக இல்லை.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் அலை அலையான முடிக்காரிகள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் முடி முழுச் சுருட்டையும் இல்லை, நேரும் இல்லை. வேரிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி நுனியில் சுருளும். ஈரமாக இருக்கும்வரை அழகாக இருக்கும். காய்ந்த முடியில் சீப்பை வைத்துவிட்டால் போச்சு, ஆளுக்கு முன்னால் தலை நடக்கும். மஞ்சக்குப்பத்தில் நான் படித்த பள்ளியில் எனக்குக் குருவிக்கூடு என்று பெயர். பெயர் வைத்தவளுக்கு இன்று முடி கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தப்படுகிற மாதிரி நடிக்க எனக்கு வரவில்லை.

அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டாள். அதற்குப் பிறகு என் தலை அக்காவின் பொறுப்புக்கு வந்தது. எட்டு வயது மூத்தவள். காலையில் என்னைத் தரையில் உட்காரவைத்து, முழங்காலால் முதுகில் முட்டுக் கொடுத்து, அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கண் மேலே இழுபடுகிற அளவுக்கு இறுக்கி இரட்டைச் சடை போடுவாள். "ஆடாத. அப்பா முடி வந்து உனக்கு வாய்ச்சிருக்குது பாரு" என்பாள். அவளுக்கு அம்மாவின் நேர்முடி.

அப்பா கடலூர்–சிதம்பரம் தடத்தில் பஸ் நடத்துனர். அவருக்கும் என் முடிதான், ஆனால் அதை ஊருக்குக் காட்டமாட்டார். முதல் நடைக்குப் புறப்படும் முன் எண்ணெயும் தண்ணீரும் வைத்துப் பின்னால் வழித்து வாருவார். ஆலப்பாக்கம் தாண்டினால் காற்றில் தலை எழும்ப ஆரம்பித்துவிடும். முட்லூரில் பஸ் நிற்கும்போது சட்டைப் பையிலிருந்து சீப்பு வெளியே வரும். சிதம்பரத்தில் இறங்கி மறுபடியும் தண்ணீர் தொட்டு ஒரு வழிப்பு. இப்படி ஒரு நாளைக்கு ஆறு நடை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சீப்பு பையை விட்டுப் போகவில்லை.

2004இல் எனக்கு வரன் வந்தது. புதுச்சேரிக் குடும்பம், மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், லீவு மூன்றே வாரம். பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா முடிவெடுத்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊரான சிதம்பரத்தில் முடியை நேராக்குகிற மெஷின் வைத்த பார்லர் ஒன்று இருந்தது. என்னை அங்கே பஸ்ஸில் கூட்டிப்போனவர் அப்பா. மூன்றரை மணி நேரம் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஏதோ ஒரு களிம்பைத் தலையில் பூசி, சூட்டில் இழுத்து இழுத்து நேராக்கினார்கள். அப்பா எதிர்க்கடை நிழலில் நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்த என்னைப் பார்த்துவிட்டு, "போலாமா?" என்றார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லாயில்லை என்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எழுதிவைக்கிறேன்.

3

அந்த நேர்முடி போட்டோதான் பாஸ்போர்ட்டில் ஏறியது, விசாவில் ஏறியது. இங்கே வந்து மூன்றாவது மாதம் வேரிலிருந்து என் சொந்த முடி முளைக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்த என்னைப் பார்த்து, "ஏமாத்திட்டாங்கய்யா" என்று சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னாராம். எட்டு வருடமாக, வீட்டுக்கு யார் வந்தாலும் அதே வேடிக்கை.

வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க ப்ரெஃபெக்ச்சூருக்குப் போனேன். நம்ம கலெக்டர் ஆபீசுக்கு அண்ணன் அது. வெளியே குளிரில் வரிசை, உள்ளே சீட்டு, சீட்டுக்கு ஒரு வரிசை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். நான்தான் என்றேன். முடி மாறிவிட்டது என்று சொல்லப்போய், என் குதிரைகள் மாறிவிட்டன என்று சொல்லிவைத்தேன். முடிக்கும் குதிரைக்கும் அவர்கள் மொழியில் மயிரிழைதான் வித்தியாசம். அந்தம்மா சிரிக்கக்கூட இல்லை. படத்தில் இருப்பது போல வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஒரு தடவ நேர் பண்ணிட்டுப் போயேன், வேலை முடிஞ்சுரும்" என்றார் வீட்டுக்காரர். துணிக்குப் போடுகிற இஸ்திரிப் பெட்டியை வைத்து நானே இழுத்தேன். இடது காதில் தழும்பு இருக்கிறது. அட்டை கிடைத்தது. அதிலும் அதே நேர்முடிக்காரி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோசியானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் எதிர்வீடு, மார்த்தினிக் தீவுக்காரி, பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கிறவள். ஒரு நாள் லிஃப்டில் என் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, "உன் முடியை யார் அடித்தது?" என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் சமையலறையில் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது வெண்டைக்காய். வெண்டைக்காய் தின்றே வளர்ந்தவளுக்கு வெண்டைக்காயைக் கற்றுக்கொடுக்க அட்லாண்டிக்கிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

அவள் சொன்னது இதுதான். எட்டு வெண்டைக்காயை நறுக்கி இரண்டு டம்ளர் தண்ணீரில் சிறு தீயில் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் கொழகொழவென்று ஆனதும், சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறினால் வடியாது. தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டும்போதே இந்தக் கொழகொழப்பைக் கொத்துக் கொத்தாக முடியில் தடவி இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து வழிக்க வேண்டும். சிக்கை விரலால் மட்டும்தான் எடுக்கலாம். பிறகு நுனியைக் கையில் ஏந்தி, கீழிருந்து மேலாகக் கசக்க வேண்டும். துண்டு கூடாது, பழைய பருத்திச் சட்டையால் ஒற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் கஷ்டமான பகுதி: முழுசாகக் காயும்வரை கை வைக்கக் கூடாது. காய்ந்ததும் கஞ்சி போட்ட மாதிரி மொடமொடவென்று நிற்கும். இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மெதுவாகக் கசக்கினால் மொடமொடப்பு உதிர்ந்து சுருள் மட்டும் நிற்கும். சாயங்காலம் வரைக்கும் நிற்கும்.

முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது நான் அழுதேன். முப்பது வயதில் முதல் தடவையாக என் தலை எனக்குப் பிடித்திருந்தது.

4

தம்பி கல்யாணத்துக்கு நான் இந்தத் தலையோடுதான் நிற்பேன் என்று முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். அக்கா பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்துக் கழுதைகள் யாராவது வந்தால் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் முன்னால் அப்பா பார்க்க வேண்டும். வேறு யாருக்கு எதை நிரூபிக்கப் போகிறேன்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சிதம்பரத்தில் அக்கா வீட்டில் வெண்டைக்காய்த் தண்ணீரைக் காய்ச்சி ஒரு சொம்பில் ஊற்றி வைத்தேன். மாலையில் பார்த்தால் சொம்பு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அதுவா? வழவழன்னு கெட்டுப்போயிருந்துச்சு, கொட்டிட்டேன். கரண்டு இல்லாம எல்லாம் கெட்டுப்போவுதுடி."

"அது என் தலைக்குக்கா!"

"தலைக்கா? என்னாடி பழக்கம் இது? அங்க எண்ணெயே கெடைக்காதா? உக்காரு, இறுக்கி ஒரு சடை போட்டு வுடறேன். நாளைக்கு நாலு பேரு பாப்பாங்க."

நாலு பேர் பார்க்கத்தான்க்கா வந்திருக்கிறேன் என்று கத்தினேன். இருபது வருடத்துக் கத்தல் அது. அக்கா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் விடிகாலையில் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனேன். மோர்க்குழம்புக்காக ஒரு கூடை வெண்டைக்காய் இருந்தது. சமையல் மாஸ்டரிடம் ஒரு கை கேட்டேன். அவர் என்ன ஏதென்று கேட்காமல் அள்ளிக் கொடுத்து, அடுப்பையும் கொடுத்தார். அந்த ஊரில் எனக்குக் காரணம் கேட்காமல் எதையும் கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

வடிகட்டும்போது அப்பா காபிக்கு வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, கஞ்சியா?"

"தலைக்குப்பா."

"இத போட்டா முடி படிஞ்சுருமா?"

"படியாது. சுருளும். சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கும். உங்களுக்கு ஆவாது. நீங்க எப்பவும் போல எண்ணெய வச்சு வழிச்சுக்குங்க."

குத்தத்தான் சொன்னேன். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டு நின்றார். டம்ளரை வைத்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் குடேன். எப்பிடித்தான் இருக்குன்னு பாக்கறேன்" என்றார்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் அவரைக் கல்லில் உட்காரவைத்து ஷாம்பு போட்டு எண்ணெயைப் போக்கினேன். அப்பா தலையில் நான் கை வைத்தது அதுதான் முதல் முறை. விரலை விட்டுப் பார்த்தேன். என் முடிதான், வெள்ளையாக இருந்தது. அதே வளைவு, அதே இடத்தில் சுருள். கொழகொழப்பைத் தடவிக் கசக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு காலம், எதற்கு என்னை அந்தப் பார்லருக்குக் கூட்டிப்போனீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் கேட்கவில்லை.

முகூர்த்தம் முடிந்ததும் வாழைமரத்துக்குப் பக்கத்தில் அவராகவே வந்து நின்றார். "தம்பி, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க" என்று போட்டோக்காரரைக் கூப்பிட்டார். எடுத்த படம் அதுதான்.

அப்போது சம்பந்தி, அதாவது பெண்ணின் அப்பா, புவனகிரிக்காரர், நாலு பேரோடு வந்தார். அப்பா தலையைப் பார்த்தார். "என்னா சம்பந்தி, நேத்து வரைக்கும் டீசன்ட்டாதான இருந்தீங்க? அப்பாவும் பொண்ணும் ஒரே கரண்டு கம்பியில கைய வச்சுட்டீங்களா?" கூட இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா.

மூன்றாவது பந்தியில் பார்க்கிறேன், அப்பா தலை நனைந்து, வழித்து, மண்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. சட்டைப் பையில் சீப்பு. என் சுருள் சாயங்காலம் வரைக்கும் நின்றது, ஒரு முடி கலையவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. விமானம் ஏறும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

5

ஆல்பத்தைப் பார்த்த அன்றே தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அக்காவைப் பிடித்தேன்.

"ஸ்டுடியோவுல நீதான சொன்ன?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. உன் முடியோட சின்ன வயசுலேந்து நான் பட்ட பாடு போதாதா? அப்பாதான் ரெண்டு தடவ ஸ்டுடியோவுக்குப் போயிட்டு வந்தாரு. என்னை ஏண்டி கேக்கற?"

ஸ்டுடியோக்காரர் நம்பரை வாங்கிப் பேசினேன். ரொம்ப மரியாதையான மனுஷன். "ஒரிஜினல் இல்ல மேடம். ஆல்பம் குடுத்துட்டா கார்ட அழிச்சுருவோம். சார்தான் வந்து தலைய கொஞ்சம் படிய வைக்கச் சொன்னாரு. நல்லாதான மேடம் வந்துருக்கு?" என்றார். நல்லாயிருக்கிறதாம்.

2004இல் பார்லருக்குக் கூட்டிப்போனவர், எட்டு வருடம் கழித்து மறுபடியும் ஒரு கடைக்குப் போய் என் முடியை நேராக்கிவிட்டு வந்திருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். இந்தத் தடவை என்னைக் கூட்டிப்போகக்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. அவருக்கே போன் போட்டு, எடுத்ததும் வணக்கம் வாழ்த்து எதுவும் வைக்காமல் கொட்டிவிட்டேன். அவமானமாக இருந்தால் படத்தையே எடுத்துப் போட்டிருக்கலாமே, என்னை எதற்கு அழித்தீர்கள் என்றேன். நான் மூச்சு வாங்கும்போது அப்பா சொன்னார்.

"உன் தலைய நான் ஒண்ணும் சொல்லலம்மா. என்னுதத்தான் சொன்னேன்."

"என்னாது?"

"என் தலைய மட்டும் படிய வையுங்கன்னேன். சம்பந்தி வூட்டுக்கும் ஒரு ஆல்பம் போவுதில்ல? அவுங்க ஒவ்வொரு தடவையும் பாத்துச் சிரிப்பாங்க. அவன் உன்னுதையும் சேத்து வழிச்சுட்டான். பாத்துட்டுத் திரும்பிப் போயி சண்ட போட்டேன். அழிஞ்சிருச்சுன்னுட்டான். உன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, கூடியது.

"உங்க முடி அசிங்கம்னா என் முடி என்னாப்பா? ரெண்டும் ஒண்ணுதான?"

அந்தப் பக்கம் வீட்டு வாசலில் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"அப்பிடி நான் யோசிக்கவே இல்லம்மா" என்றார்.

அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதர் யோசிக்கவே இல்லை என்கிறார். எத்தனை நடை, எத்தனை முட்லூர், எத்தனை சீப்பு. அந்த மூன்றரை மணி நேரம் எதிர்க்கடை நிழலில் நின்று அவர் என்னத்தை யோசித்தார்? வைத்துவிடலாம் என்று போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"வெண்டக்கா எத்தினி போட்ட?" என்று கேட்டார்.

"எட்டு."

"இரு, எழுதிக்கறேன்." பேனா தேடுகிற சத்தம். "தண்ணி?"

"ரெண்டு டம்ளர். சின்னத் தீயில வையுங்க. பக்கத்துலயே நில்லுங்க. சூடா இருக்கும்போதே வடிகட்டணும், ஆறிப்போனா வடியாது." சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன். வேறு குரல் வரவில்லை. "எப்பவும் போல எண்ணெய் வச்சு வழிச்சீங்கன்னா இனிமே நான் போன் பண்ண மாட்டேன்."

"சரி. எண்ணெய் இல்ல." அதையும் எழுதினார்.

"இப்ப எதுக்குப்பா இது?"

"நாளைக்குப் புவனகிரி போறேன். சம்பந்தி வூட்டுல காதுகுத்து." பிறகு கேட்டார். "சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?"

"தொடாம இருந்தீங்கன்னா நிக்கும்" என்றேன். "சீப்ப வீட்டுலயே வச்சுட்டுப் போங்க."